முடிவு தெரிந்த படத்தை மறுபடி ஏன் பார்க்கிறோம்?

'ஜாஸ்' படத்தில் ஒரு காட்சி. ஜூலை 4 விடுமுறை, கடற்கரை முழுக்கக் கூட்டம். திடீரென்று தண்ணீருக்கு மேலே சுறாவின் துடுப்பு தெரிகிறது. ஒரே அலறல். ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கரைக்கு ஓடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அங்கே சுறாவே இல்லை. அட்டையில் செய்த துடுப்பை முதுகில் வைத்துக்கொண்டு நீந்திய இரண்டு சிறுவர்களின் குறும்பு அது. முதல் தடவை பார்த்தபோது அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நானும் பயந்தேன். நாலைந்து தடவை பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. ஜான் வில்லியம்ஸின் புகழ்பெற்ற அந்த இரண்டு ஸ்வர இசை பொய்ச் சுறாவுக்கு ஒலிப்பதில்லை. இது விளையாட்டு என்று படம் நம் காதில் முன்பே சொல்லிவிட்டது.

அப்புறம் அதே படத்தின் பிற்பகுதிக்கு வாருங்கள். போலீஸ் தலைவர் பிராடி படகின் பின்பக்கம் உட்கார்ந்து, சுறாவைக் கவர மீன் துண்டுகளைக் கடலில் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். சட்டென்று சுறா தலையைத் தூக்குகிறது. இந்தத் தடவை நிஜச் சுறா, ஆனால் இசை வரவில்லை. இசை வந்தால்தான் சுறா வரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நம்மைப் பழக்கிவிட்டு, அந்தப் பழக்கத்தை ஒரே நொடியில் உடைக்கிறார்கள். தியேட்டரில் அத்தனை பேர் நாற்காலியிலிருந்து துள்ளியதற்கு அதுதான் காரணம்.

பழைய படங்களை மறுபடி பார்ப்பது என்றால் நான் சொல்வது இதைத்தான். பழைய ஞாபகத்துக்காகப் பார்ப்பதில் தவறே இல்லை, அதுவும் ஒரு சுகம். ஆனால் அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. கதை தெரிந்துவிட்டதால், அந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க மனதுக்கு இடம் கிடைக்கிறது. கோடைக்கால பிளாக்பஸ்டர்களும் பழைய சூப்பர்ஹீரோ படங்களும் இதைப் பழகிக்கொள்ள மிக நல்ல இடம். எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள், கதையும் சிக்கலாக இருக்காது.

அதிர்ச்சியும் பதற்றமும்

இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய உதாரணம் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு வெடிகுண்டு இருக்கிறது. அது இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், வெடிக்கும்போது 15 நொடி அதிர்ச்சி. அவ்வளவுதான். குண்டு இருப்பதையும் அது எப்போது வெடிக்கும் என்பதையும் முன்பே காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடம் நம்மை நுனி நாற்காலியில் உட்கார வைக்கும். 'பேசியது போதும், கீழே பாருங்கள்' என்று திரையைப் பார்த்துக் கத்தத் தோன்றும். முதலாவது அதிர்ச்சி, இரண்டாவது பதற்றம்.

இப்போது இதை மறுபடி பார்க்கும் படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது எல்லா மேசைகளுக்கு அடியிலும் குண்டு இருப்பது நமக்குத் தெரியும். முதல் தடவை அதிர்ச்சியாக இருந்தவை பதற்றமாக மாறுகின்றன. யார் துரோகி என்று தெரிந்த பிறகு அவர் முதல் காட்சியில் சிரிக்கும் சிரிப்பு வேறு மாதிரி தெரிகிறது. யார் சாகப்போகிறார் என்று தெரிந்த பிறகு அவர் சொல்லும் சின்ன நகைச்சுவைகூடத் தொண்டையை அடைக்கிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று பொதுவாக நம்புகிறோம். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2011-இல் இதைச் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள் அந்தக் கதைகளைச் சற்று அதிகமாகவே ரசித்திருந்தார்கள். படமும் சிறுகதையும் ஒன்றில்லைதான். ஆனாலும் மறுபடி மறுபடி படம் பார்க்கிறவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமாக இருக்காது.

கோடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பிளாக்பஸ்டர்' என்பது முதலில் சினிமாச் சொல்லே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ராட்சதக் குண்டுகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் அது. ஒரே குண்டில் தெருவோடு வரிசைக் கட்டடங்களைத் தகர்த்துவிடும் என்று பொருள். போர் முடிவதற்கு முன்பே சினிமா விளம்பரக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கோடை என்று இங்கே சொல்வது அமெரிக்கக் கோடை. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, பள்ளி விடுமுறைக் காலம். தியேட்டர்களில் குளிர்சாதனம் வருவதற்கு முன் வெயில் காலத்தில் உள்ளே உட்காரவே முடியாது. 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் வில்லிஸ் கேரியர் தன் குளிர்சாதனக் கருவியை நிறுவிய பிறகு அந்த நிலை மெல்ல மாறியது. ஆனாலும் வருடத்தின் மிகப் பெரிய படத்தைக் கோடைக்கென்றே எடுத்துவைக்கும் வழக்கம் வந்தது 1975 ஜூன் 20-க்குப் பிறகுதான். அன்று 'ஜாஸ்' ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் வெளியானது. அதற்கு முந்தைய இரவுகளில் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் ஓடியது. பெரிய படங்களைச் சில பெருநகரங்களில் மட்டும் முதலில் விட்டு, மெல்ல மெல்லப் பரப்புவதுதான் அதுவரை இருந்த முறை. இரண்டு வருடம் கழித்து, 1977 மே 25 அன்று 'ஸ்டார் வார்ஸ்' முப்பது சொச்சம் தியேட்டர்களில் தொடங்கி 'ஜாஸ்' வசூலையும் தாண்டியது. அதன் பிறகு ஸ்டூடியோக்கள் கோடையை விடவே இல்லை.

காட்டாமல் விட்டது

மறுபடி பார்க்கும்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் படங்களில் பலவற்றின் அழகு, செய்ய முடியாமல் போனதிலிருந்து வந்தது.

'ஜாஸ்' படத்துக்கு இயந்திரச் சுறா செய்தார்கள். கடல் உப்புநீரில் இறக்கியதும் அது மறுபடி மறுபடி பழுதானது. 55 நாளில் முடிக்க நினைத்த படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. அப்போது படத்தின் இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சுறா இல்லாமலேயே சுறாவைக் காட்ட வேண்டிய நிலை. அதனால் சுறாவின் கண்ணோட்டத்தில் தண்ணீருக்கு அடியில் கேமரா நகர்கிறது. சுறாவோடு பிணைத்த மஞ்சள் பீப்பாய்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகின்றன. முதல் காட்சியில் கடலில் நீந்தும் பெண்ணை ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கிறது. அவள் உடலில் கட்டிய கயிற்றை இழுத்தது படக்குழுவின் ஆட்கள். சுறாவை முழுதாகப் பார்ப்பதற்குள் படத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிடுகிறது. இதெல்லாம் தெரிந்து பார்க்கும்போது பயம் குறையும் என்று நினைப்பீர்கள். எனக்குப் பயம் அதிகமாகத்தான் ஆனது, ஏனென்றால் வெறும் தண்ணீரைக் காட்டியே பயமுறுத்துகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

1993 ஜூனில் வந்த 'ஜுராசிக் பார்க்' இதற்கு நேர் எதிர்க் காலத்துப் படம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் டைனோசர்கள் திரையில் இருப்பது மொத்தமே சுமார் 15 நிமிடம்தான். அதிலும் பாதிக்கு மேல் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திரப் பொம்மைகள்.

டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் வேலியை உடைத்துக்கொண்டு வரும் காட்சியைத் தனியாக ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர். காரின் டாஷ்போர்டு மேல் அது நிற்கிறது. நடுவிலிருந்து வட்டம் வட்டமாக அலை வருகிறது. அந்த வட்டங்களைக் கொண்டுவர விசேஷ விளைவுக் குழு ரொம்பக் கஷ்டப்பட்டது. கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பி ஒன்றைக் கட்டி அதை மீட்டித்தான் வரவழைத்தார்கள். அடுத்து, இரையாகக் கட்டியிருந்த ஆடு நின்ற இடம் காலியாக இருக்கிறது, வேலிக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து தெறிக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் இசை இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான். பின்னணி இசைக்குப் பெயர்பெற்ற வில்லியம்ஸ் இசையமைத்த படத்தில், எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி இசையே இல்லாமல் நடக்கிறது! மழையில் நனைந்த அந்த முழு அளவு டி-ரெக்ஸின் ரப்பர் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போய் நடுங்க ஆரம்பித்ததாம், ஆட்கள் துண்டு போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார்களாம். திரையில் அந்தக் கனம் தெரிகிறது. குழந்தைகள் தலைக்கு மேலே கண்ணாடிக் கூரையை அது அழுத்தும்போது, உண்மையிலேயே ஒரு பொருள் அழுத்துகிறது.

'டெர்மினேட்டர் 2' (1991) படத்திலும் இப்படி ஒரு இடம் உண்டு. திரவ உலோக வில்லன் ஒரு காவலாளியின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவர் எதிரிலேயே வந்து நிற்பான். கிராஃபிக்ஸ் என்றுதான் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அவர்கள் நிஜ இரட்டையர்கள். கதாநாயகி சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனுக்கும் ஒரு இரட்டைச் சகோதரி இருந்தார். இரண்டு சாரா ஒரே சட்டகத்தில் தேவைப்பட்ட இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி, வித்தைக்காரர் ரகசியத்தை நமக்கு மட்டும் காட்டிய மாதிரி இருக்கும்.

பழைய சூப்பர்ஹீரோக்கள்

சூப்பர்ஹீரோ படங்களுக்கு வருவோம். 'பழைய' என்று நான் சொல்வது 2008-க்கு முந்தையவற்றை. அந்த வருடம் மே மாதம் 'அயர்ன் மேன்' வந்தது. பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஒரு குட்டிக் காட்சியும் வந்தது. அங்கிருந்து ஒரு படம் இன்னொரு படத்தோடு பின்னிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்தைய படங்களுக்கு அப்படி முன்தயாரிப்பு எதுவும் தேவையில்லை. போட்டால் இரண்டு மணி நேரத்தில் ஒரு கதை தொடங்கி முடிந்துவிடும். முதன்முதலாக இந்த வகைப் படம் பார்க்கிறவர்களுக்கு நான் அவற்றையே கொடுப்பேன்.

முதலாவது, ரிச்சர்ட் டானர் இயக்கிய 'சூப்பர்மேன்'. வந்தது கோடையில் அல்ல, 1978 டிசம்பரில். ஒரு மனிதன் பறப்பான் என்று உங்களை நம்பவைப்போம் என்பதுதான் அதன் விளம்பர வாக்குறுதி. கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஒரே நேரத்தில் ஜூம் செய்யும் ஒரு புது ஏற்பாட்டை வைத்துப் பறக்கவும் வைத்தார்கள், ஆஸ்கரும் வாங்கினார்கள். ஆனால் அந்தப் படத்தின் மிகப் பெரிய விசேஷ விளைவு பறக்கும் காட்சியில் இல்லை.

கதாநாயகி லோயிஸின் வீடு. சூப்பர்மேனோடு பறந்துவிட்டு வந்த மயக்கத்தில் அவள் இருக்கிறாள். சூப்பர்மேன் சாதாரண மனிதனாக வாழும் உருவமான கிளார்க் கென்ட் அவளை வெளியே அழைத்துப்போக வந்து நிற்கிறான். கூன் விழுந்த தோள், தழைந்த குரல், மூக்கில் கண்ணாடி. அவள் உள்ளே போகிறாள். இவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். தோள் விரிகிறது. முதுகு நிமிர்கிறது. ஒரு ஆள் நம் கண் முன்னே உயரமாகிறான். குரலும் ஆழமாகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறான். அப்புறம் தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மறுபடி மூக்குக்கு ஏறுகிறது, தோள் சுருங்குகிறது, பழைய கிளார்க் திரும்பி வந்துவிடுகிறான். கிராஃபிக்ஸ் இல்லை, கயிறு இல்லை. ஒரு நடிகனின் முதுகெலும்பு மட்டும்தான். ஒரு கண்ணாடியைப் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாதா என்று இந்தக் கதையைப் பற்றிக் காலம்காலமாகக் கேட்கிறார்களே, அதற்குக் கிறிஸ்டோபர் ரீவ் சில நொடிகளில் பதில் சொல்லிவிட்டார். இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

அடுத்தது, 1989 ஜூனில் வந்த டிம் பர்ட்டனின் 'பேட்மேன்'. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டனை எப்படிப் போடலாம் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். இன்று பார்த்தால் அந்தப் படத்தின் உயிரே அவருடைய அமைதிதான். அவர் அணிந்த ரப்பர் உடையில் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். அந்தச் சங்கடமே பேட்மேனின் தோரணையாகிவிட்டது, சிலை ஒன்று திரும்புகிற மாதிரி. 2008-இல் 'தி டார்க் நைட்' படத்தில்தான் தலையைத் திருப்ப முடிகிற உடை வந்தது, அதைக் கதைக்குள்ளேயே ஒரு பேச்சாகவும் வைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள். 'தி டார்க் நைட்' படத்தில் சிகாகோ தெருவில் ஒரு பெரிய லாரி பின்பக்கமாக நட்டுக்குத்தாக எழுந்து கவிழும். அது மினியேச்சர் இல்லை, நிஜ லாரி, நிஜத் தெரு.

சாம் ரைமியின் 'ஸ்பைடர்மேன்' 2002 மே 3 அன்று வந்து, வட அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்த முதல் படமானது. உண்மையைச் சொன்னால், அதில் பல கிராஃபிக்ஸ் காட்சிகள் இன்று ரப்பர் பொம்மை தாவுவது போல் இருக்கின்றன. ஆனால் பள்ளி உணவுக்கூடத்தில் வழுக்கி விழப்போன பெண்ணையும், அவள் தட்டிலிருந்து பறந்த பண்டங்களையும் ஸ்பைடர்மேனான பீட்டர் வரிசையாகப் பிடிக்கும் காட்சி இருக்கிறதே, அது கிராஃபிக்ஸ் இல்லை. தட்டு கையோடு ஒட்டிக்கொள்ளப் பசை போட்டு, நூற்றைம்பது தடவைக்கும் மேல் எடுத்தார்களாம். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழும் பீட்டரைப் பயணிகள் தலைக்கு மேல் ஏந்தி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, இவன் சின்னப் பையன் என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். முதல் தடவை சண்டைக்காகப் பார்த்த காட்சி அது. இப்போது நான் காத்திருப்பது அந்தச் சிறுவர்களுக்காகத்தான்.

எல்லாமே தாங்குமா?

தாங்காது. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'சூப்பர்மேன்' படத்தின் முடிவில் காலத்தையே பின்னுக்குத் திருப்பும் தீர்வு, என் பார்வையில், அதுவரை கட்டிவந்த இழப்பின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் பெண் பாத்திரங்களின் வேலையே அலறுவதும் காப்பாற்றப்படுவதும்தான். சின்ன வயதில் கண்ணில் படாத கேலிகள் இப்போது முள்ளாகக் குத்தும். பிடித்த படத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் படத்தை உதறிவிடவும் வேண்டாம், இல்லாத சமாதானம் சொல்லவும் வேண்டாம். அன்று நமக்கு அது ஏன் தெரியவில்லை என்று யோசிப்பதும் மறுபடி பார்ப்பதில் கிடைக்கும் பலன்தான்.

இன்னொரு சங்கதி, எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தை 1997-இல் புதுக் காட்சிகளும் கிராஃபிக்ஸும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். 'சூப்பர்மேன்' இரண்டாம் பாகத்தில் டானர் பாதியில் நீக்கப்பட்டு வேறு இயக்குநர் முடித்தார், டானரின் வடிவம் 2006-இல்தான் வந்தது. ஞாபகத்தில் இருக்கும் காட்சி திரையில் இல்லையென்றால் உங்கள் ஞாபகத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் பதிப்பைச் சரிபாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது?

முதலில் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். இந்தப் படங்கள் நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை. டிவி தானாக நடுவில் சட்டகங்களைச் சேர்த்தால், படம் டிவி சீரியல் மாதிரி ஆகிவிடும். விளக்கை அணையுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். தெரிந்த கதைதானே என்று போனை எடுக்கத் தோன்றும் இடத்தில்தான், முதல் தடவை நீங்கள் தவறவிட்டது இருக்கும்.

ஒரு படத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்தொடருங்கள். இன்று இசை எங்கே நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த தடவை, பேசாமல் பின்னால் நிற்கிறவர்களின் முகத்தை மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் பாடப்புத்தகம் படிப்பது போல் ஆகிவிடும், ரசனை ஓடிவிடும்.

என்னைக் கேட்டால் 'ஜாஸ்' படத்திலிருந்தே தொடங்கச் சொல்வேன், ஆனால் சுறாவுக்காக அல்ல. மகனை இழந்த ஒரு தாய் கடற்கரையைத் திறந்துவைத்ததற்காகப் பிராடியை எல்லோர் முன்னும் அறைந்துவிட்டுப் போகிறாள். அன்று இரவு அவர் சாப்பாட்டு மேசையில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சின்ன மகன். அவர் கையைக் கோத்து முகத்துக்கு முன் வைக்கிறார், பையனும் வைக்கிறான். அவர் முகத்தைக் கையால் மூடுகிறார், அவனும் மூடுகிறான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் கவனிக்கிறார். முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிறார், அவனும் காட்டுகிறான். குனிந்து, எனக்கு ஒரு முத்தம் கொடு என்கிறார். ஏன் என்று கேட்கிறான் பையன். எனக்கு வேண்டும், அதனால்தான் என்கிறார் அப்பா. அவர்களைப் பார்த்தபடி பின்னால் மனைவி நின்றுகொண்டிருக்கிறாள்.